லோட்டஸ் ஓடுமா?

எண்பதுகளின் கடைசியில் பாரிமுனைப் பக்கம் கணினி வாங்க நினைத்த வியாபாரிகள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, இதில் லோட்டஸ் ஓடுமா?" லோட்டஸ் 1-2-3 என்பது அந்நாளைய விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) நிரல். எந்த இயங்குதளம், என்ன பதிப்பு என்று யாரும் கேட்டதில்லை. தொழிலுக்குப் புதிதாக வந்த பையன்கள் இதைக் கேட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். எனக்கோ, அதைவிடக் கூர்மையான கேள்வியை இந்தத் துறையில் படித்தவர்கள்கூடக் கேட்டதாக நினைவில்லை.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. இன்டெல் 8088 சில்லு, 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம், பி.சி. டாஸ் இயங்குதளம். அதே இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்.எஸ். டாஸ் என்ற பெயரில் மற்ற உற்பத்தியாளர்களுக்கும் விற்றது. அப்படியானால் டாஸ் ஓடும் எல்லாக் கணினியிலும் ஒரே மென்பொருள் ஓட வேண்டுமே? ஓடவில்லை. டெக் ரெயின்போ, விக்டர் 9000, டாண்டி 2000 எல்லாமே எம்.எஸ். டாஸ் ஓடிய இயந்திரங்கள்தான். டாண்டி 2000-இல் இருந்த 80186 சில்லு, ஐ.பி.எம். பி.சி.யில் இருந்ததைவிட வேகமானதும்கூட. ஆனாலும் ஐ.பி.எம். கணினிக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் பல அவற்றில் படுத்துவிட்டன.

டாஸ் வழியாகத் திரையில் எழுத்தைக் காட்டினால் ஆமை வேகம். அதனால் 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, டாஸைக் கேட்காமலேயே திரை நினைவகத்தில் நேராக எழுதியது. பதினறும எண்ணில் சொன்னால், வண்ணத் திரை அட்டைக்கு பி800 என்ற இடம், ஒற்றை நிற அட்டைக்கு பி000. அந்த இடத்தில் திரை நினைவகம் இல்லாத கணினியில் டாஸ் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் லோட்டஸ் ஓடாது. லோட்டஸும் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டும் ஓடினால் அது ஐ.பி.எம்.முக்கு ஒத்த கணினி என்று உலகம் முழுவதும் சோதித்துப் பார்த்ததற்குக் காரணம் இதுவே. 1983-இல் விற்பனைக்கு வந்த காம்பாக் போர்ட்டபிள் அந்தச் சோதனையில் தேறியது. கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலுக்கு பயாஸ் என்று பெயர். காம்பாக்கில், ஐ.பி.எம்.மின் பயாஸ் நிரலைப் பார்த்திராதவர்களை வைத்து, அது என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தை மட்டும் கொடுத்து, புதிதாக எழுத வைத்திருந்தார்கள். 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதே வழியில் ஒரு பயாஸை எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. ரிச்சி தெருவில் பெட்டி, போர்டு, கார்டு என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' கணினிகளெல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

ஆகவே பாரிமுனை வியாபாரியின் கேள்வியை நான் என் தொழில்முறையாகவே வைத்துக்கொண்டேன். ஒரு நிரல் புதிய கணினியில் ஓடவில்லை என்றால் இயங்குதளத்தின் பதிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிற்பதில்லை. இந்த நிரலை எழுதியவர் தன் கணினியைப் பற்றி எதை உறுதி என்று நம்பி எழுதினார்? முகவரியையா, பதிப்பு எண்ணையா, வட்டின் அளவையா, சில்லின் வேகத்தையா? எதை நம்பினார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் ஊர் நிலைமையில் முதலில் உடைந்த நம்பிக்கை திரைதான். வண்ணத் திரை விலை அதிகம் என்பதால் பெரும்பாலான அலுவலகங்களில் ஹெர்குலிஸ் அட்டையும் ஒற்றை நிற மானிட்டரும். எழுத்து மட்டும் காட்டும் கணக்கு நிரல்களுக்கு அது அருமை, கண்ணுக்கும் இதம். வண்ண அட்டையை எதிர்பார்க்கும் வரைபட நிரலைப் போட்டால் திரை வெறுமையாக நிற்கும். சிம்சிஜிஏ என்று ஒரு சிறிய நிரல் இருந்தது. முதலில் அதை ஏற்றிவிட்டால் ஹெர்குலிஸ் அட்டையே வண்ண அட்டை போல வேடம் போடும். முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஓடினால்தான் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்ற நிலையும் சில இடங்களில் இருந்தது. அங்கெல்லாம் எனக்குக் கைகொடுத்தது இந்த நிரல்.

ஃபிளாப்பி தந்த தொல்லை வேறு வகை. அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியில் 360 கே.பி. என்று ஒரு வகை, 1984-இல் ஐ.பி.எம்.மின் பி.சி. ஏ.டி. மாதிரியோடு வந்த 1.2 எம்.பி. என்று இன்னொரு வகை. புதிய டிரைவ் பழைய ஃபிளாப்பியையும் படிக்கும் என்று விளம்பரம். படித்தது உண்மை. தலைமை அலுவலகத்தில் ஏ.டி., கிளையில் அதற்கு முந்தைய மாதிரியான எக்ஸ்.டி. என்று வைத்திருந்த ஒரு காகித வியாபாரி, மாதக் கடைசியில் கணக்கை ஃபிளாப்பியில் மாற்றிக்கொள்வார். கிளையிலிருந்து வரும் ஃபிளாப்பி தலைமை அலுவலகத்தில் ஒழுங்காகத் திறக்கும். இங்கே அதில் எழுதித் திருப்பி அனுப்பினால் அங்கே திறக்காது. ஃபிளாப்பி மட்டம், டிரைவ் மட்டம், பஸ்ஸில் கொண்டுபோன பையன் வெயிலில் வைத்துவிட்டான் என்று ஆளுக்கொரு காரணம்.

உண்மையில் 360 கே. டிரைவ் ஒரு பக்கத்தில் 40 தடங்கள் எழுதும், 1.2 எம்.பி. டிரைவ் 80 எழுதும். புதிய டிரைவில் எழுதிப் படிக்கும் ஹெட் அதனால் குறுகலானது. பழைய ஃபிளாப்பியின் அகலமான தடத்தின் நடுவில் அது ஒல்லியாக ஒரு கோடு எழுதிவிடுகிறது; ஓரத்தில் பழைய எழுத்து அழியாமல் கிடக்கிறது. எழுதிய டிரைவே திரும்பப் படிக்கும்போது நடுக்கோடு மட்டும் தெரிவதால் எல்லாம் சரியாக இருக்கிறது. கிளையில் உள்ள அகலமான ஹெட்டுக்குப் பழையதும் புதியதும் சேர்ந்து கேட்கும்போது குழம்பிவிடுகிறது. இரண்டு டிரைவும் பழுதில்லை, ஃபிளாப்பியும் பழுதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் வேலை நடக்காத இந்த வகைச் சிக்கலை வாடிக்கையாளருக்கு விளக்குவதுதான் கடினம். "எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ஏன் தம்பி திறக்கவில்லை?" என்று அண்ணாச்சி கேட்டது நியாயம்தானே.

தீர்வு இரண்டு. ஒருபோதும் பழைய டிரைவில் எழுதப்படாத புத்தம் புதிய 360 கே. ஃபிளாப்பியை எடுத்து, ஃபார்மேட் கட்டளையில் சாய்கோடு 4 போட்டு, புதிய டிரைவிலேயே வடிவமைத்து எழுதினால் பெரும்பாலும் கிளையில் படிக்கும். 'பெரும்பாலும்' என்பது கணக்கு வழக்கில் உதவாது. அதனால் ஒரு 360 கே. டிரைவை வாங்கி ஏ.டி. கணினியிலேயே பி டிரைவாக மாட்டினேன். கிளைக்குப் போவதெல்லாம் அதில் மட்டுமே எழுத வேண்டும் என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். அதோடு தொல்லை நின்றது. 1.2 எம்.பி. ஃபிளாப்பியைக் குறைந்த கொள்ளளவில் வடிவமைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். அதன் காந்தப் பூச்சு வேறு, எழுத வேண்டிய விசையும் வேறு, நிற்காது. மூன்றரை அங்குலம் வந்த பிறகு 720 கே. ஃபிளாப்பியில் ஒரு ஓட்டை போட்டு அதை 1.44 எம்.பி. ஆக்கிய கெட்டிக்காரர்களும் நம்மிடையே நிறைய. கொஞ்ச நாள் வேலை செய்யும். காசு மிச்சம், கணக்கு போகும்.

அடுத்தது டாஸ் பதிப்பு. 3.3 பதிப்பு 1987-இல் வந்தது. நம் ஊரில் அது வெகுகாலம் நின்றது. அதில் வட்டின் ஒரு பகிர்வு (பார்ட்டிஷன்) 32 எம்.பி.க்கு மேல் போகாது. வட்டின் பிரிவுகளை (செக்டார்) எண்ண 16 பிட் எண்ணை மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். 65,536 பிரிவு, ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கினால் 32 எம்.பி. 40 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கியவர் அதை சி, டி என்று இரண்டாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 4.0 பதிப்பு அந்த வரம்பை உயர்த்தியது. ஆனால் 3.3 காலத்து வட்டுக் கருவிகள் பிரிவு எண் 16 பிட்டுக்குள் அடங்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. பெரிய பகிர்வில் அவற்றை ஓட்டவே கூடாது. புதிய டாஸ் ஏற்றும்போது பழைய வட்டுக் கருவிகளை அதே மூச்சில் அழித்துவிட வேண்டும். ஓடாமல் நின்றுபோகும் நிரலால் ஆபத்தில்லை. ஓடிக்கொண்டே தவறாக எழுதும் நிரலால்தான் ஆபத்து.

1991-இல் வந்த 5.0 எனக்குப் பிடித்த டாஸ். அதில் செட்வெர் என்று ஒரு வசதி. சில நிரல்கள் தொடங்கியவுடன் டாஸிடம் பதிப்பு எண்ணைக் கேட்கும். தான் எதிர்பார்த்த எண் வரவில்லை என்றால், வேறு எந்தச் சிக்கலும் இல்லாதபோதும், "இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்" என்று சொல்லி வெளியேறிவிடும். செட்வெர் பட்டியலில் அந்த நிரலின் பெயரைச் சேர்த்துவிட்டால் அது கேட்கும்போது மட்டும் டாஸ் கூசாமல் '3.3' என்று பொய் சொல்லும். இயங்குதளமே தன் வயதைக் குறைத்துச் சொல்லும் இந்த ஏற்பாடு எனக்கு அப்போதே சிரிப்பாக இருந்தது. ஆனால் இந்தப் பொய்யை வட்டின் அடித்தளத்தைத் தொடும் கருவிகளுக்குச் சொல்லக் கூடாது. கணக்கு நிரலுக்குச் சொல்லலாம். அந்த வேறுபாட்டை எனக்கு எந்தக் கையேடும் சொல்லித் தரவில்லை.

அதே 5.0-இல் வந்த இன்னொரு வியப்பு "பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்" என்ற செய்தி. நேற்று வரை ஓடிய நிரல், டாஸை மாற்றியவுடன் கோப்பு சிதைந்துவிட்டது என்று சொல்கிறது. மூல ஃபிளாப்பியிலிருந்து திரும்பப் படியெடுத்தாலும் அதே செய்தி. கோப்பு சிதையவே இல்லை. 5.0 தன்னில் ஒரு பகுதியை ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள நினைவகத்துக்கு நகர்த்திக்கொள்ளும். அதனால் கீழே இடம் காலியாகி, நிரல்கள் முதல் 64 கே.பி.க்குள்ளேயே ஏறத் தொடங்கின. எக்ஸிபேக் என்ற முறையில் சுருக்கப்பட்ட பழைய நிரல்கள் அவ்வளவு கீழே ஏற்றப்படுவோம் என்று எதிர்பார்க்கவில்லை. விரியும்போது அவற்றின் முகவரிக் கணக்கு பிசகிவிடும். நிரலின் பெயருக்கு முன்னால் லோட்ஃபிக்ஸ் என்று போட்டால் முதல் 64 கே.பி.யைத் தாண்டி ஏற்றும், ஓடும். அதாவது நினைவகம் அதிகமாகக் கிடைத்ததால் ஓடாமல் போன நிரல் இது! பிழைச் செய்தி சொல்வதை அப்படியே நம்பி மறுபடியும் மறுபடியும் நிறுவிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தி என்பது நிரல் எழுதியவரின் ஊகம் மட்டுமே. எது எப்போது மாறியது என்பதுதான் சாட்சி.

நினைவகத்தைப் பற்றிப் பேசினால், தொடங்கும்போது டாஸ் படிக்கும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.சிஸைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 8088 சில்லு காணக்கூடியது மொத்தம் ஒரு மெகாபைட். அதில் நிரல்களுக்கு 640 கே.பி. மட்டும், மீதி திரைக்கும் பயாஸுக்கும். சில்லுகள் வளர்ந்து பல மெகாபைட் வந்த பிறகும் டாஸ் நிரல்கள் அந்த 640-க்குள்தான் முட்டிமோதின. நெட்வொர்க் டிரைவர், மவுஸ் டிரைவர், அச்சு வரிசை நிரல் எல்லாம் ஏறிய பிறகு கணக்கு நிரலுக்கு இடம் போதாது. இ.எம்.எம்.386 என்ற நினைவக நிரலை வைத்து ஒவ்வொன்றாக 640-க்கு மேலே ஏற்ற வேண்டும். எந்த வரிசையில் ஏற்றுகிறோம் என்பதும் கணக்கு. மேலே காலியாகத் தெரியும் இடத்தை ஏதாவது ஒரு கார்டு பயன்படுத்திக்கொண்டிருந்தால் கணினி அப்படியே உறைந்து நிற்கும். அந்த இடத்தை விலக்கு என்று அதே வரியில் எழுதிவிட வேண்டும். நம் பக்கத்தில் இது நெட்வொர்க் கார்டோடு அடிக்கடி நடந்தது. என் வழக்கம்: எந்தக் கணினியிலும் கான்ஃபிக்.சிஸைத் தொடுவதற்கு முன் அதன் ஒரு படியை வேறு பெயரில் வைப்பேன். வேலை செய்யும் படியை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சிட்டுப் பெட்டிக்குள் மடித்து வைப்பேன்.

பெட்டிக்குள் வைத்த காகிதம் மிகவும் பயன்பட்டது ஹார்ட் டிஸ்க் விஷயத்தில். ஹார்ட் டிஸ்கின் உருளை, ஹெட், பிரிவு எண்ணிக்கைகளை பயாஸில் நாமே கொடுக்க வேண்டிய காலம் அது; பட்டியலில் இல்லாத வட்டுக்கு 47-ஆம் வகை. பேட்டரி செத்தால் எல்லாம் போய்விடும். வட்டில் தரவு பத்திரமாக இருக்கும், கணினிக்கு வட்டு எதுவென்றே தெரியாது. எண்களைத் தவறாகக் கொடுத்தால் இன்னும் மோசம். தொண்ணூறுகளின் நடுவில் 528 மெகாபைட் சுவர் வந்தது. பயாஸ் 1,024 உருளைக்கு மேல் எண்ணாது, ஐ.டி.இ. வட்டு 16 ஹெட்டுக்கு மேல் எண்ணாது, பிரிவு 63. மூன்றையும் 512 பைட்டால் பெருக்கிப் பாருங்கள். பயாஸ், வட்டு இரண்டுமே தனித்தனியாக அதைவிடப் பெரிய அளவைத் தாங்கும். சேர்த்து வைத்தால் இரண்டின் பலவீனமும் கூடிக்கொள்ளும்.

அதைத் தாண்ட பயாஸ்களில் நார்மல், லார்ஜ், எல்.பி.ஏ. என்று மூன்று வழிகள் வந்தன. ஒரு வழியில் வடிவமைத்த வட்டை இன்னொரு வழி வைத்திருக்கும் கணினியில் மாட்டினால் கோப்புகள் குப்பையாகத் தெரியும், அல்லது சிலது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் பதறி, வட்டுப் பிழை திருத்தும் ஸ்கேன்டிஸ்க் நிரலை ஓட்டுவதுதான் கொலை. குப்பை என்று அது நினைப்பதையெல்லாம் 'சரி' செய்து எழுதிவிடும். வட்டு குழப்பமாகத் தெரிந்தால் ஒரு பைட்கூட எழுதாமல் அணைத்துவிட்டு, எந்தக் கணினியில் வடிவமைத்தார்களோ அதன் பயாஸ் அமைப்பைத் தேடிப் போக வேண்டும்.

புதிய போர்டு வாங்க மனமில்லாதவர்களுக்கு ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் இருந்தன. அவை வட்டின் முதல் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே பயாஸுக்குப் புதிய எண்ணிக்கையைக் கற்றுக்கொடுக்கும். வேலை செய்யும் வரை அற்புதம். ஒரு அச்சகத்தில் வைரஸ் வந்திருக்கிறது என்று யாரோ உறவுக்காரப் பையன் எஃப்டிஸ்க் சாய்கோடு எம்.பி.ஆர். கட்டளையைக் கொடுத்தான். முதல் பிரிவு துடைக்கப்பட்டது. வைரஸ் இருந்ததா தெரியாது, டிஸ்க் மேனேஜர் போய்விட்டது. வட்டே காலி என்று அழுகை. அதே மென்பொருளின் ஃபிளாப்பியைப் போட்டு முதல் பிரிவை மட்டும் திரும்ப எழுதியவுடன் எல்லாம் வந்தது. அந்த ஃபிளாப்பியை அவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் அதிர்ஷ்டம்.

டபுள்ஸ்பேஸ் கதையும் இதே குடும்பம். 1993-இல் வந்த டாஸ் 6.0, அந்தப் பெயரில் வட்டைச் சுருக்கி இடம் பெருக்கித் தந்தது. சுருக்கிய வட்டில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு மறைந்த பெரிய கோப்பு. மற்ற கோப்புகளெல்லாம் அதற்குள். பழைய டாஸ் 5 ஃபிளாப்பியைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால் கணக்கு ஒன்றையும் காணோம், வட்டு மட்டும் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். மறைந்த கோப்பைக் கண்டுபிடித்து, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அழித்தவர்கள் உண்டு. காப்புரிமை வழக்கொன்றால் 6.21 பதிப்பில் இந்த வசதியே இல்லாமல் போய், 6.22-இல் டிரைவ்ஸ்பேஸ் என்ற வேறு பெயரில் வந்தது. ஆகவே எந்தப் பதிப்பில் சுருக்கினார்களோ அந்தப் பதிப்பின் தொடக்க ஃபிளாப்பியை அந்தக் கணினியோடு கட்டியே வைப்பேன். சுருக்குவதே வேண்டாம் என்று சொன்னால் வாடிக்கையாளர் கேட்க மாட்டார். புதிய வட்டின் விலை அப்படி.

வேகத்தைப் பற்றி நிரல் வைத்திருக்கும் நம்பிக்கை உடைந்தது கொஞ்சம் தாமதமாக. தொடக்கத்தில் பெட்டியின் முகப்பில் வேகத்தைக் குறைக்க டர்போ பொத்தான் இருந்ததற்கே காரணம், 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பி எழுதிய விளையாட்டுகள் வேகமான கணினியில் கண் இமைப்பதற்குள் முடிந்துபோனதுதான். (முகப்பில் ஒளிர்ந்த மெகாஹெர்ட்ஸ் எண், உள்ளே ஜம்பர் வைத்து நாம் அமைத்தது. அது எதையும் அளக்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்து விலை பேசியவர்களிடம் இதைச் சொல்ல விற்பவர்களுக்கு மனம் வந்ததில்லை.)

ஆனால் 1997-க்குப் பிறகு வந்த கணினிகளில் விளையாட்டோடு நிற்கவில்லை. டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் எழுதிய சம்பளப் பட்டியல் நிரல்கள், கல்லூரி மதிப்பெண் நிரல்கள் எல்லாம் தொடங்கியவுடன் "ரன்டைம் எரர் 200" என்று சொல்லி நின்றன. 200 என்றால் சுழியால் வகுத்தல். நிரலில் எங்கே வகுக்கிறோம் என்று எழுதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய எந்த வரியிலும் இல்லை அது. பாஸ்கலோடு வந்த சி.ஆர்.டி. என்ற திரைக்கூறு, நிரல் தொடங்கும்போதே கணினி எவ்வளவு வேகம் என்று அளந்து வைத்துக்கொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்பான 55 மில்லிநொடிக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள் அடங்கும் என்பது நம்பிக்கை. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய சில்லுகளில் விடை 65,535-ஐத் தாண்டியது. அடங்காத விடையையும் சில்லு வகுத்தல் பிழை என்றே சொல்லும்.

மூல நிரல் இருந்தால் திருத்திய சி.ஆர்.டி. கூறோடு மறுபடி தொகுத்துவிடலாம். எழுதியவர் வேலையை விட்டுப் போய், மூலமும் காணாமல் போயிருந்தால், இயக்கக் கோப்பையே ஒட்டுப்போடும் சிறு நிரல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை வேலை செய்தன. அதுவும் கையில் இல்லாத அவசரத்தில் பயாஸுக்குள் போய், சில்லின் வேகத்தைக் கூட்டும் கேஷ் நினைவகத்தை அணைத்துவைப்போம். புதிய பென்டியம் பழைய 386 போல நடக்கும், சம்பளப் பட்டியல் வெளியே வரும், மறுபடி கேஷைப் போட்டுவிடலாம். இதே இனத்தைச் சேர்ந்ததுதான் 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேகமுள்ள ஏ.எம்.டி. கே6-2 சில்லுகளில் விண்டோஸ் 95 தொடங்கும்போதே "புரொடெக்‌ஷன் எரர்" என்று விழுந்தது. இயங்குதளத்துக்குள்ளேயே நேரம் அளக்கும் சுற்று ஒன்று எதிர்பார்த்ததைவிட வேகமாக முடிந்துவிட்டது. அதற்கு ஒட்டு வெளியிட்டார்கள். சில நேரம் தொடங்கி சில நேரம் விழும் கணினி என்றால் உடனே ராம் அட்டையைச் சந்தேகித்து மாற்றுவது நம் தெரு வழக்கம். சில்லின் வேகத்தை முதலில் பாருங்கள் என்று நான் சொல்லத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

விண்டோஸ் 95 பற்றி இன்னும் ஒன்று. சில கணினிகளில் அது வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் என்பதைத் திறந்து பார்த்தால் வட்டுகள் டாஸ் ஒத்திசைவு முறையில் ஓடுகின்றன என்று எழுதியிருக்கும். கான்ஃபிக்.சிஸில் பழைய டிரைவர் மீந்திருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தொடக்கப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் வைரஸ். வட்டுச் சேவையை வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸ் உணர்ந்து, பயந்து, பழைய வழிக்குப் போய்விடுகிறது. ஃபிளாப்பி கைமாறும் அச்சகங்களில் இந்த ஒரு வரியைப் பார்த்தே வைரஸைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதேபோல், நீளமான கோப்புப் பெயர் வந்த பிறகும் டாஸ் 6 காலத்து வட்டுக் கருவிகளை ஓட்டி எல்லாப் பெயரையும் எட்டெழுத்தாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

தமிழ் அச்சகங்களில் இதன் மேல் இன்னொரு அடுக்கு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டப்படி 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை அடுக்கியிருந்தது. மேக்கில் தட்டச்சு செய்த பக்கத்தை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தால், அதே எழுத்துரு இரண்டிலும் இருந்தும் சில எழுத்துகள் மாறிவிடும். மேக், விண்டோஸ் இரண்டும் 128-க்கு மேல் ஐரோப்பிய எழுத்துகளை வெவ்வேறு வரிசையில் வைத்திருந்தன. கோப்பை மாற்றும்போது மென்பொருள் 'உதவி' செய்து ஐரோப்பிய எழுத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தும். அங்கே உட்கார்ந்திருந்தது நம் 'ணு'வும் 'றூ'வும் என்று அதற்குத் தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. அதற்குள் சேர்ந்துபோன கோப்புகளுக்கு ஒரே வழிதான்: கோப்போடு எழுத்துருவின் பெயரையும் எழுதி வைப்பது. பெயர் தெரிந்தால் மாற்றியை எழுதிவிடலாம். பெயர் தெரியாவிட்டால் புதிர்ப் போட்டி.

இன்றும் சில கிடங்குகளில் டாஸ் கணக்கு நிரல் ஓடுகிறது. அதற்காக என்னைக் கூப்பிடுகிறார்கள். 64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் நிரல் ஓடாது. அதில் அவற்றை ஓட்டும் கூறையே வைக்கவில்லை. பழைய டாஸ் கணினி போல வேடம் போடும் டாஸ்பாக்ஸ் நிரல் விளையாட்டுகளுக்கென்று எழுதப்பட்டது, அலுவலக நிரலுக்கு அச்சிடும் வசதியுள்ள டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பொருத்தம். ரன்டைம் எரர் 200 அங்கேயும் தலைகாட்டினால் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். கேஷை அணைத்ததன் இன்றைய வடிவம். கணினியையே ஒதுக்கிவைக்க முடியும் என்றால் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸைப் போடலாம். ஆனால் முதலில் தரவை வெளியே எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டிபேஸ், ஃபாக்ஸ்பேஸ் ஆகிய தரவுத்தள நிரல்களின் டி.பி.எஃப். கோப்புகளை லிப்ரேஆஃபிஸ் நேராகவே திறக்கும். தரவு கைக்கு வந்துவிட்டால் நிரல் ஓடுவதும் ஓடாததும் வசதி சார்ந்த விஷயம் மட்டுமே.

தரவு ஃபிளாப்பியில் மட்டும் இருந்தால் வேலை கொஞ்சம் பொறுமையானது. கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. டிரைவ் மூன்றரை அங்குலத்தை மட்டும் படிக்கும். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகையோடு இணைத்து, காந்தத் தடத்தை அப்படியே படமாக எடுக்க வேண்டும். ஃபிளாப்பி எந்த டிரைவில் எழுதப்பட்டது என்று கேட்டுக்கொண்டால் 360 கே. டிரைவில் படிப்பதா, 1.2-இல் படிப்பதா என்று முடிவு செய்யலாம். இரண்டிலும் மாறி மாறி எழுதியதாக இருந்தால் கடைசியாக எழுதியது எது என்று கேளுங்கள். நம் கடற்கரைக் காற்றில் பழைய ஃபிளாப்பிகளில் பூஞ்சை படிந்திருக்கும். வட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அப்படியே டிரைவில் போடாதீர்கள். ஹெட்டில் அழுக்கு ஒட்டி, அந்த ஃபிளாப்பியோடு அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். உறையின் ஓரத்தைக் கவனமாகத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான துணியால் அழுத்தாமல் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். ஒவ்வொரு ஃபிளாப்பிக்குப் பிறகும் ஹெட்டையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.